சூடே ஆகாத டேப்லெட்

பதினோராவது நாள் காலையிலும் அது எரியவில்லை.

செங்குட்டுவன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக உட்கார்ந்து, டேப்லெட்டின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஒன்றிலிருந்து அறுபது வரை எண்ணினார். விட்டுவிட்டு இருபது வரை எண்ணினார். பிறகு சத்தத்தைக் கூட்டுகிற பொத்தானையும் சேர்த்து அழுத்திக்கொண்டு மறுபடி அறுபது எண்ணினார். எட்டு அங்குலக் கறுப்புக் கண்ணாடியில் அவருடைய முகமும், பின்னால் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த காக்காயும் மட்டும் தெரிந்தன. காக்காய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பறந்து போனது.

"இன்னாய்யா, வடாம் காயுதா?" என்று படிக்கட்டிலிருந்து கேட்டாள் கெங்கம்மா. அவருடைய மனைவி.

"அப்டேட் ஆவுது" என்றார் செங்குட்டுவன்.

"பதினோரு நாளாவா?"

"பெரிய அப்டேட்டு."

கெங்கம்மா காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனையும் வாங்கியதில்லை. புருஷன் முகத்தையும் அப்படித்தான் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கீழே இறங்கிப் போனாள். மத்தியானம் தூங்கிப்போய்த் தவறவிட்ட சீரியலை இந்த டேப்லெட்டில் பார்க்கலாம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த ஆசையில்தான் அவள் பதினோரு நாள் பொறுமையாக இருந்தாள்.

செங்குட்டுவன் இரண்டு வாரத்துக்கு முன்பு வரை திருவொற்றியூரில் இரும்புக் குழாய் செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். முப்பத்து நாலு வருஷ வேலை. கடைசி நாளன்று கேன்டீனில் மேடை போட்டு, மாலை போட்டு, பிரிவு உபசார விழா நடத்தினார்கள். நலக்குழுச் செயலாளர் டில்லிபாபு மைக்கைப் பிடித்து, அண்ணன் கை வெச்சா செத்த மெஷினும் எழுந்து ஓடும் என்றான். கேன்டீனே கை தட்டியது. செங்குட்டுவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலங்கிய கண்ணோடுதான் கலர் காகிதம் சுற்றிய அந்தப் பெட்டியை வாங்கினார். எல்லோருமாகச் சேர்ந்து வாங்கித் தந்த டேப்லெட்.

அதே மேடையில், அதே போன்ற மாலையும் அதே போன்ற பெட்டியும் இன்னொருவருக்கும் கிடைத்தன. எலக்ட்ரிகல் பிரிவு மஜீது. இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரே நாளில் ஓய்வு பெற்றவர்கள். முப்பத்து நாலு வருஷமும் ஒரே சண்டை. எந்த மெஷின் நின்றாலும் அது கரண்ட் கோளாறு என்பார் செங்குட்டுவன். இல்லை, பேரிங் கோளாறு என்பார் மஜீது. சண்டை முடிந்ததும் இருவரும் ஒரே டீயை இரண்டாக ஊற்றிக் குடிப்பார்கள்.

செத்த மெஷினை எழுப்புகிறவர் என்று ஊரறியப் பேசிய பிறகு, ஒரு கைப்பிடி அகலச் சாமானை எப்படி எரியவைப்பது என்று யாரிடம் போய்க் கேட்பது? மாத்தூரில் இருக்கும் மகள் ஜோதிகாவிடம் கேட்கலாம். ஆனால் அவள் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும், அவர் மூலம் அவருடைய அண்ணனுக்குத் தெரிந்துவிடும், அந்த அண்ணன் அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர்.

ஆகவே செங்குட்டுவன் தனியாகவே போராடினார். முதலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு ஸ்க்ரூவைத் தேடினார். எங்கும் ஸ்க்ரூ இல்லை. ஸ்க்ரூ இல்லாத மெஷினை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதுவே அவருக்குப் பாதி தெம்பைக் குறைத்துவிட்டது. சார்ஜர் குத்திப் பார்த்தார். சார்ஜரின் முனை அழகாக உள்ளே போய் உட்கார்ந்தது. ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. சார்ஜர் சரியில்லை என்று இன்னொன்று வாங்கினார். பிறகு மூன்றாவது. பொத்தான் இறுக்கமாக இருக்கிறதோ என்று தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். பொத்தான் நன்றாக இளகியது. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை.

தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைத்து வைத்தால் பிழைத்துவிடும் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டார். அவருடையது தண்ணீரில் விழவில்லை. இருந்தாலும் அரிசி ஒன்றும் கெடுதல் செய்யாதே என்று பானைக்குள் புதைத்தார். மறுநாள் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது கெங்கம்மா, அப்டேட்டு அரிசிப் பானையில கீது, எட்துக்கோ என்று மட்டும் சொன்னாள்.

பதினோராவது நாள் மாலை டீக்கடையில் மஜீதைப் பார்த்தார். விழாவுக்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் தடவை. ஓய்வு பெற்ற பிறகும் மஜீதின் சட்டைப்பையில் டெஸ்டர் குத்தியிருந்தது. நலம் விசாரித்து, வடையைப் பிட்டு, கடைசியில் மஜீதே பேச்சை எடுத்தார்.

"உன்னுது எப்டி கீது?"

செங்குட்டுவன் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்போது அந்த டெஸ்டர் கண்ணில் பட்டது. முப்பத்து நாலு வருஷமாகக் கரண்டைக் கையில் வைத்து விளையாடிய மனிதன். இவன் வீட்டில் அது முதல் நாளே எரிந்திருக்கும். இவனிடம் போய்ச் சொன்னால், மெக்கானிக்கல்காரன் அவ்ளோதான் என்று முடித்துவிடுவான்.

"சூப்பரா கீது பாய். உன்னுது?"

மஜீது சர்க்கரை கரைந்துவிட்ட டீயை மறுபடி ஒரு தரம் நன்றாகக் கலக்கினார். "என்னுதும் அதே மாரிதான்" என்றார்.

அந்த நேரம் பார்த்துச் செங்குட்டுவனின் போன் அடித்தது. ராயபுரம் எம்.சி. ரோட்டில் டேப்லெட் வாங்கிய கடையிலிருந்து பேசுவதாகவும், பில் போடும்போது டில்லிபாபு இந்த நம்பரைக் கொடுத்திருந்ததாகவும் சொன்னாள் ஒரு பெண். பெயர் ஜெனி. சாமான் எப்படி வேலை செய்கிறது என்று வாங்கினவர்களிடமெல்லாம் கருத்துக் கேட்கிறோம், எந்தப் பிரச்னை இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள், மாற்றித் தந்துவிடுகிறோம் என்றாள்.

மாற்றித் தருகிறோம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் செங்குட்டுவனுக்கு நாக்கு துடித்தது. ஆனால் பக்கத்தில் மஜீது, காதை இந்தப் பக்கமாக நன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டு, வடை தின்கிற பாவனையில் இருந்தார்.

செங்குட்டுவன் பொய் பேசிப் பழகாதவர். சூப்பர் என்று சொன்ன ஒரு பொய்யே அவருக்கு அதிகம். இனி ஒன்றைக்கூடப் பொய்யாகச் சொல்லக்கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார். உண்மையாக இருப்பதில் நல்லதை மட்டும் சொல்லுவோம் என்று தீர்மானித்தார்.

ஹேங் ஆகிறதா என்று ஜெனி கேட்டாள். இது வரைக்கும் ஒரு தபா கூட ஆகவில்லை என்றார். சூடாகிறதா என்றாள். மடியிலேயே வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன், சூடு என்பதே இல்லை என்றார். சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறதா என்றாள்.

"எறங்கி நான் பாத்ததே இல்லமா."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஜெனி, ஒரு சின்னக் குறை கூடவா இல்லை, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டாள். ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, செங்குட்டுவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போனை வைத்த மறு நிமிஷம் மஜீதின் போன் அடித்தது. அதே பெண். மஜீது எழுந்து நாலு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். ஆனாலும் இருபது அடி தூரத்துக்குக் கேட்கிறபடி பேசினார். கண் கூசுவதே இல்லையாம். கரண்ட் பில் ஒரு ரூபாய் கூட ஏறவில்லையாம். பேரன் கையில் கொடுத்தால் கூட அவன் அதிலேயே மூழ்கிக் கிடப்பதில்லையாம், ஐந்து நிமிஷத்தில் தானாகவே திருப்பிக் கொடுத்துவிடுகிறானாம்.

செங்குட்டுவனுக்கு வயிறு எரிந்தது. தன்னுடையதை விட மஜீதின் டேப்லெட் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று தோன்றியது.

நாலு நாள் கழித்து விஷயம் வேறு மாதிரி வளர்ந்தது. இப்படி மனம் நிறைந்து பாராட்டிய வாடிக்கையாளர்களைக் கடை முதலாளி ரஷீது அதுவரை பார்த்ததில்லை. இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே கடையின் இணையப் பக்கத்தில் பெயர் போட்டு வெளியிட்டுவிட்டார். 'முப்பத்து நாலு வருஷம் மெஷினோடு வாழ்ந்தவர் சொல்கிறார்: ஹேங் ஆகாது, சூடாகாது, சார்ஜ் இறங்கி நான் பார்த்ததே இல்லை' என்று செங்குட்டுவனின் பேச்சு கொட்டை எழுத்தில் வந்தது. டில்லிபாபு அதைப் பார்த்துக் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள் வந்து விழுந்தன.

மறுநாள் டில்லிபாபு வீட்டுக்கே வருவதாகப் போன் செய்தான். அடுத்த மாதம் மூன்று பேர் ஓய்வு பெறுகிறார்கள், அவர்களுக்கும் இதையே வாங்கிவிடலாம் என்று குழுவில் பேச்சு, வாங்குவதற்கு முன் நேரில் ஒரு தரம் பார்த்துவிடலாமென்று வருகிறேன் என்றான். அரை மணி நேரத்தில் வந்துவிடுவான்.

செங்குட்டுவன் அறைக்குள் நாலு சுற்று சுற்றினார். ஃபிட்டர் மூளை வேலை செய்தது. நடைபாதையில் வாங்கிய ரெக்சின் உறை ஒன்று டேப்லெட்டுக்கு இருந்தது. அதன் பின்பக்கம் ஒரு பை. தன்னுடைய போனில் பழைய பாட்டு ஒன்றை ஓடவிட்டு அந்தப் பைக்குள் செருகினார். உறையை மூடியதும் பாட்டு டேப்லெட்டிலிருந்து வருவது போலவே கேட்டது.

டில்லிபாபு வந்தபோது அவர் கண்ணை மூடி, மூடிய உறையை மடியில் வைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். சத்தம் நன்றாக இருக்கிறதே, திறந்து காட்டுங்கள் என்றான் டில்லிபாபு. இந்த வயதில் திரையைப் பார்ப்பது கண்ணுக்குக் கெடுதல், மூடி வைத்துக் கேட்பதோடு சரி என்றார் செங்குட்டுவன். அது நியாயமான பழக்கம் என்று டில்லிபாபுவுக்குப் பட்டது. காபி கொண்டுவந்த கெங்கம்மா புருஷனைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள், புருஷனின் காலியான சட்டைப்பையைப் பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டுச் சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டாள்.

அப்போது பாட்டு நின்று, டேப்லெட் மணியடித்தது.

டில்லிபாபு நிமிர்ந்து உட்கார்ந்தான். "இதுல போனும் வருமாண்ணே?"

வேறு வழியில்லை. செங்குட்டுவன் உறைக்குள் விரலை விட்டுத் தடவி எதையோ அழுத்தினார். அது ஸ்பீக்கரையும் சேர்த்து அழுத்திவிட்டது. உறையோடு டேப்லெட்டை இரண்டு கையாலும் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டைக் காதில் வைத்தது போல இருந்தது.

ஜெனியின் குரல் அறை முழுதும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையில் ஒரு சின்ன வீடியோ எடுக்கிறோம், சாரும் மஜீது சாரும் டேப்லெட்டைக் கையில் வைத்து இயக்கிக் காட்டியபடி இரண்டு வார்த்தை சொன்னால் போதும், முதலாளி ரொம்ப ஆசைப்படுகிறார் என்றாள். செங்குட்டுவன் முதுகு வலி என்று தொடங்குவதற்குள் டில்லிபாபு உறைக்கு அருகே வாயைக் கொண்டுபோய், அண்ணன் கட்டாயம் வருவாரு, நான் கேரண்டி என்று சொல்லிவிட்டான். போகும்போது, தன் வீட்டுக்கும் ஒன்று வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

தன் டேப்லெட்டில் போன் பேசலாம் என்று செங்குட்டுவன் டீக்கடையில் சொல்லாமலே அது டில்லிபாபு மூலம் மஜீதுக்கு எட்டிவிட்டது. என்னுதுலயும்தான் வருது, நான் வெளியில சொல்லிக்கறதில்ல என்றார் மஜீது.

சனிக்கிழமை காலை செங்குட்டுவன் மஞ்சள் பையில் டேப்லெட்டைப் போட்டுக்கொண்டு பெரம்பூருக்குப் பஸ் ஏறினார். பெரம்பூரில் அவரைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிப்பேர் கடை. வழியிலேயே வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டார். இது என்னுடையதில்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது, அவருக்கு ஆன் பண்ணத் தெரியவில்லை, பாவம்.

கடை வாசல் பெஞ்சில் ஒருவர் மடியில் பையை அணைத்துக்கொண்டு, முகத்தைத் தினத்தாளால் மறைத்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் டெஸ்டர் இருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இன்னா பாய், இந்தப் பக்கம்?"

"கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டலாம்னு வந்தேன். நீ?"

"நானும் அதுக்குத்தான்."

கடைக்காரர் கூப்பிட்டார். நீ மொதல்ல போ என்றார் செங்குட்டுவன். நீதான் பஸ்ல களைச்சி வந்துகீற, நீ போ என்றார் மஜீது. இப்படியே இரண்டு வாடிக்கையாளர்கள் அவர்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். கடைசியில் இருவரும் சேர்ந்தே எழுந்து ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர் வாங்கினார்கள். கொடுங்க, ஒட்டித் தரேன் என்று கடைக்காரர் கை நீட்டியபோது, வூட்ல போயி ஒட்டிக்கிறோம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, வியாசர்பாடி தாண்டும்வரை வெயிலைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது கிரைண்டர் நின்றுபோயிருந்தது. மாவு பாதி அரைபட்ட நிலையில் கிடந்தது. செங்குட்டுவன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஏழே நிமிஷம். பெல்ட்டை இழுத்து மாட்டி, சுழற்றிப் பார்த்து, ஓடவிட்டார். கிரைண்டர் புதுசு போல ஓடியது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. எண்ணெய் பட்ட கையை விரித்துப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். இந்தக் கைகள் கம்பெனி கேட்டோடு முடிந்துவிட்டன, இனி வருகிற மெஷினெல்லாம் வேறு யாருக்கோ செய்தவை என்று அவருக்குத் தோன்றியது.

கெங்கம்மா மாவை வழித்துக்கொண்டே கேட்டாள். "அது எரியவே இல்ல இல்ல?"

அவர் தலையாட்டினார்.

"மொத நாள்லேர்ந்தா?"

அதற்கும் தலையாட்டினார். பொத்தானுக்கு எண்ணெய் விட்டதிலிருந்து பெரம்பூர் ஸ்டிக்கர் வரை எல்லாவற்றையும் சொன்னார். மஜீதின் டேப்லெட் பிரமாதமாக வேலை செய்வதையும், தன்னால் ஒரு பொத்தானை அழுத்தி எரியவைக்க முடியாததையும் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

கெங்கம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கிப் போயி, எனுக்குத் தெர்லன்னு சொல்லிட்டு வா. கண்ணாலமான புதுசுல எனுக்கு காஸ் அடுப்பு பத்தவெக்கத் தெர்ல. பக்கத்து வூட்டு பவானிதான் வந்து காட்டிக் குட்துச்சி. அதுக்கோசரம் நாம சோறு துன்னாம பூட்டமா?"

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எம்.சி. ரோட்டில் துணிக்கடைக் கூட்டம் தொடங்கியிருந்தது. மஜீது கடைக்கு எதிரே சாலையின் இந்தப் பக்கமே நின்றுவிட்டிருந்தார். செங்குட்டுவன் போய்ச் சேர்ந்ததும் கையை நீட்டிக் காட்டினார்.

கடை வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு. பிரிவு உபசார விழாவில் எடுத்த படத்தை டில்லிபாபு அனுப்பியிருக்கிறான். கழுத்தில் ரோஜா மாலையோடு இருவரும் கைகூப்பி நின்றார்கள். கீழே இருவர் பெயரும். சாலையில் போன ஒரு ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, போர்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

"செங்கு, நம்ம ரெண்டு பேரும் செத்துப் பூட்டமா?" என்றார் மஜீது மெதுவாக.

உள்ளே எல்லாம் தயாராக இருந்தது. போன் ஒன்றைக் கம்பத்தில் மாட்டி, எதிரே இரண்டு நாற்காலி போட்டு, வெள்ளை விளக்கு ஒன்றும் வைத்திருந்தார்கள். ரஷீது சட்டையை இஸ்திரி போட்டு, முடியைப் படிய வாரி நின்றார். குளிர்ந்த ரோஸ் மில்க் கொடுத்தார். உங்க ரெண்டு பேர் வார்த்தையால இந்த வாரம் வியாபாரமே தூக்கிவிட்டது, உங்க கம்பெனிக்காரர் மூணு, வீட்டுக்கு ஒண்ணு சொல்லியிருக்கார் என்று இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். ஜெனி இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுப் பெண். குரலில் இருந்த பணிவு நேரிலும் இருந்தது. ரெண்டு பேரும் டேப்லெட்டை ஆன் பண்ணிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், எடுக்க ஆரம்பிக்கலாம் என்றாள்.

"பாய் பேசட்டும்" என்றார் செங்குட்டுவன். "அவரு எலக்ட்ரிகல்."

"செங்கு பேசட்டும். அவன்தான் எனக்கு ஒரு வாரம் சீனியரு" என்றார் மஜீது. முப்பத்து நாலு வருஷத்தில் அவர் இதை ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை.

வெள்ளை விளக்கில் கண் கூசியது. செங்குட்டுவன் உறையைத் திறந்து அந்தக் கறுப்புக் கண்ணாடியை மடியில் வைத்துப் பார்த்தார். டில்லிபாபுவின் கைதட்டல், கொட்டை எழுத்து, வாசலில் மாலை போட்ட தன் முகம் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. கெங்கம்மா மாவை வழித்த கையும் ஞாபகம் வந்தது. அவர் எழுந்து நின்றார்.

"எனுக்கு இத்த ஆன் பண்ணவே தெர்லமா. மொத நாள்லேர்ந்து இது எரிஞ்சதே இல்ல. வெக்கப்பட்டுக்கினு நான்தான் சொல்லல. சாமான் மேல குத்தம் இல்ல, குத்தம் என் கை மேலதான்."

சொல்லி முடித்ததும் முதுகிலிருந்து ஒரு குழாயை இறக்கி வைத்தது போல இருந்தது. மஜீது சிரிப்பார் என்று எதிர்பார்த்து அந்தப் பக்கம் திரும்பாமலே நின்றார். சிரிப்பு வரவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து தொண்டையைக் கனைக்கிற சத்தம் வந்தது.

"என்னுதும் அதே மாரிதான்" என்றார் மஜீது. "மல்டிமீட்டர் வெச்சிலாம் பாத்துட்டேன் செங்கு. உன்னுது ஓடுதேன்னு தூக்கமே பூட்ச்சி."

செங்குட்டுவன் அவரைப் பார்த்தார். மஜீதும் பார்த்தார். முதலில் யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. இருவரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கரண்ட் கோளாறா பேரிங் கோளாறா என்று செங்குட்டுவன் கேட்க, மஜீதுக்கு ரோஸ் மில்க் புரையேறியது.

ரஷீது சிரிக்கவில்லை. அவர் ஜெனியைப் பார்த்தார். ஜெனி ஓடி வந்து செங்குட்டுவன் கையிலிருந்த டேப்லெட்டை வாங்கி, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். விரல் நகத்தால் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். காலி டப்பாவைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. மஜீதுடையதையும் வாங்கித் தட்டினாள். அதே சத்தம். ரஷீது அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

சிரித்துக்கொண்டிருந்த இருவரும் மெல்ல நிறுத்தினார்கள்.

"ஷோகேஸ்ல வெக்கிற டம்மி பீஸு ரெண்டு கைமாறி எங்கயோ பூட்ச்சி சார், உள்ள ஒண்ணுமே இருக்காது. யாருக்குப் போச்சுன்னு தெரியாமத்தான் வாங்கின பதினாலு பேருக்கும் போன் பண்ணிக் கேட்டேன்" என்றாள் ஜெனி. "நல்ல பீஸு வாங்கின பன்னண்டு பேரும் ஆளுக்கு ஒரு கொறை சொன்னாங்க. ஒரு கொறையும் இல்லன்னு சொன்னது நீங்க ரெண்டு பேருதான்."